கல்லில் ஒரு சும்மாடு

இரண்டாயிரத்தொன்றாம் வருஷம் ஏப்ரல் கடைசியில் இரண்டு பேர் சிவப்புப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து, நாலா ஓரத்து வீடுகளின் கதவுகளில் எண் போட்டுவிட்டுப் போனார்கள். டெல்லியில் ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேரும் பெரிய கால்வாய்க்கு நாலா என்று பெயர். நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து கால்மணி நேரம் நடந்தால் வரும் அந்தக் கரையில் முந்நூறு குடும்பங்கள் இருந்தன. பாதிக்கு மேல் விழுப்புரம், சேலம் பக்கத்துக் குடும்பங்கள். வீராயியின் தகரக் கதவில் 212 என்று விழுந்தது.

"அண்ணா, இது என்னாத்துக்கு?" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள் வீராயி.

"சர்வே" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த கதவுக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு தெருவே நிம்மதி கெட்டுக் கிடந்தது. வேறு இடத்தில் மனை கொடுப்பார்கள் என்றார் ஒருவர். இடித்துத் துரத்தத்தான் எண் போடுகிறார்கள் என்றார் இன்னொருவர். வீராயியின் மகள் கவிப்ரியா இரண்டாமவர் சொன்னதைத்தான் நம்பினாள். அவள் சுபாவம் அப்படி. நல்லது நடக்கும் என்றால் சந்தேகப்படுவாள். கெட்டது நடக்கும் என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்பாள்.

அவளுக்கு அப்போது இருபது வயது. சின்னசேலம் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு டெல்லிக்கு வந்தவர்கள் வீராயியும் பச்சைமுத்துவும். விளையாட்டு அரங்கங்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. வீராயி ஆறு வருஷம் கல்லும் கலவையும் தலையில் சுமந்தாள். முதுகு விட்டுப்போன பிறகு நாலு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். பச்சைமுத்து இன்னும் கொத்தனார் வேலைதான். குர்காவ்னில் எங்கோ மாடிக்கட்டடம் கட்டப் போனால் மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வரமாட்டான். கவிப்ரியா மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தாள். அங்கிருந்து கலைக் கல்லூரியில் சிற்பப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தாள். மகள் ட்ராயிங் டீச்சருக்குப் படிக்கிறாள் என்று பச்சைமுத்து நினைத்துக்கொண்டிருந்தான். யாரும் அவனைத் திருத்தவில்லை.

அந்தக் கோடைக்கு ஒரு பாடம் உண்டு. மே மாதக் கடைசியில் மதுரா, குவாலியர், சாஞ்சி என்று மூன்று வாரச் சுற்றுப்பயணம். திரும்பி வந்து டெல்லி மியூசியங்களையும் காலரிகளையும் பார்க்க வேண்டும். ஜூலையில் கல்லூரி திறந்ததும் நாற்பது வரைபடங்களும், மாதம் முடிவதற்குள் பார்த்ததிலிருந்து பிறந்த ஒரு சிற்பமும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்றாம் வருஷத்தை மறுபடி படிக்க வேண்டியதுதான்.

கிளம்பும் நாள் நெருங்க நெருங்கக் கவிப்ரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் இந்தி எழுத்து படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் இல்லாத நேரம் பார்த்து யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால், அம்மா என்ன ஏதென்று தெரியாமல் கைநாட்டு வைத்துவிடுவாள்.

"நான் போகலம்மா."

"போகாம? கதவுல நம்பர் போட்டா வீடு ஓடியா போயிடும்?"

"ஓடாது. இடிச்சுடுவாங்க."

"இடிக்க வந்தா நீ குறுக்க படுத்துத் தடுத்துடுவியா? போ பாப்பா, துணிய எடுத்து வையி."

தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த அப்பாவுவின் நம்பரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். தினமும் காலை ஒன்பதுக்கு அவள் போன் செய்ய வேண்டும், அம்மா பூத்தில் நிற்க வேண்டும் என்று பேச்சு.

மதுரா மியூசியத்தில் மூன்று நாள் வரைந்தார்கள். வெள்ளைப் புள்ளிகள் தெறித்த சிவப்புக் கல்லில் செய்த புத்தர்களும் யட்சிகளும் அங்கே வரிசையாக நின்றார்கள். கவிப்ரியா ஒரு புத்தரின் வலது கையை மட்டும் பத்துத் தடவை வரைந்தாள். அஞ்சாதே என்று உள்ளங்கையை விரித்துக் காட்டும் கை. கூட வந்த ஆசிரியர் கோபாலன் சார் பின்னால் நின்று பார்த்தார்.

"கோடெல்லாம் சரியா இருக்கு. ஆனா நீ இங்க இல்லையேம்மா" என்றார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி எட்டே முக்கால்.

மதுராவில் இருந்தவரை போன் கிடைத்தது. குவாலியர் போய் இரண்டாம் நாள் கிடைக்கவில்லை. மணி அடிக்கக்கூட இல்லை, கிணற்றுக்குள் காது வைத்த மாதிரி ஒரு வெறும் சத்தம். மறுநாளும் அதே சத்தம்தான்.

அன்று அவர்கள் கோட்டை மலையின் மேற்குச் சரிவுக்குப் போனார்கள். மேலே ஏறும் பாதையின் இரு பக்கமும் செங்குத்தான பாறையைக் குடைந்து சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருந்தார்கள். சில சிலைகள் நாலு மாடி உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். மற்றவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார்கள். கவிப்ரியா பாதையோரக் கடையில் தின்ன ஒரு கச்சோரி வாங்கினாள். அதைச் சுற்றிக் கொடுத்த இந்திப் பேப்பர் துண்டில் ஒரு படம் இருந்தது. புல்டோசர். அதற்கு முன்னால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண். மேலே, 'நாலா ஓரக் குடியிருப்பு தரைமட்டம். டெல்லியில் நானூறு குடும்பங்கள் தெருவில்' என்று கொட்டை எழுத்து. இடத்தின் பெயர் இருந்த பகுதி கிழிந்து போயிருந்தது. தேதியும் இல்லை. கடைக்காரரிடம் மிச்சப் பேப்பர் எங்கே என்று கேட்டாள். காலையிலிருந்து எத்தனை கச்சோரி விற்றிருக்கிறேன், எங்கே தேடுவது என்றார் அவர்.

அவள் அந்தத் துண்டைப் பிடித்தபடி பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த சிந்து ஓடி வந்தாள். சிந்து மயூர் விஹார் பெண், அப்பா மத்திய அரசில் அதிகாரி. தமிழ் பேசுவாள், எழுத வராது.

"என்னாச்சு கவி?"

"வீட்ல உடம்பு சரியில்ல. நான் போகணும்."

"உங்க வீடு ஜங்புராலதானே? அட்ரஸ் சொல்லு. அப்பாகிட்ட போன்ல சொல்றேன், டிரைவரை அனுப்பிப் பார்க்கச் சொல்வார். ஜல்தி, இப்பவே."

மூன்று வருஷமாகக் கவிப்ரியா எல்லோரிடமும் ஜங்புரா என்றுதான் சொல்லி வந்தாள். பொய்யில்லை, நாலாவைத் தாண்டினால் ஜங்புராதான். ஆனால் அந்த டிரைவர் போய் நிற்கப்போவது எந்தக் கதவின் முன்னால் என்பதை நினைத்ததும் அவளுக்கு முகவரி சொல்ல மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் பதில் வந்திருக்கும்.

"வேண்டாம். நானே போறேன்" என்றாள்.

கோபாலன் சார் தடுக்கவில்லை. "போயிட்டு வா. ஆனா பாதியில விட்டுட்டுப் போறேன்னு ஞாபகம் வச்சுக்கோ. படம் இல்லாம நான் என்ன மார்க் கொடுக்கிறது?" என்று மட்டும் சொன்னார்.

மத்தியான ரயிலில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டி. கதவோரம் நின்றபடியே வந்தாள். ஆக்ரா தாண்டும் வரைக்கும் வீட்டிலிருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாக மனதில் எண்ணிக்கொண்டு வந்தாள். டிரங்குப் பெட்டி, அதற்குள் ரேஷன் கார்டு, அப்பா சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டம், அம்மாவின் கல்யாணப் புடவை. அம்மா எதை முதலில் எடுத்திருப்பாள்? எடுக்க நேரம் கொடுத்திருப்பார்களா? நிஜாமுதீனில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. நடக்கவில்லை, ஓடினாள். நாலாப் பாலம் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள்.

திறந்தபோது எல்லாம் அங்கேயே இருந்தன. தகரக் கூரைகளும், கொடியில் துணிகளும், குழாயடியில் வரிசையாகக் குடங்களும். 212-க்கு முன்னால் வீராயி குத்துக்காலிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

மகளைப் பார்த்ததும் வீராயியின் கையிலிருந்த அரிசி நழுவிக் கீழே கொட்டியது. "ஏ புள்ள! என்னாச்சு? ஒடம்புக்கு என்னா?"

"போன்... போன் கெடைக்கலம்மா."

"ரோட்டத் தோண்டி ஒயர அறுத்துப் போட்டுட்டானுங்க. அப்பாவு கடையில ரெண்டு நாளா போனு செத்துக் கெடக்குது. அதுக்கா ஓடியாந்த?"

கவிப்ரியா அந்தப் பேப்பர் துண்டை நீட்டினாள். வீராயி படத்தை மட்டும் பார்த்தாள். அது யமுனைக்கு அந்தப் பக்கம், போன மாதத்துச் செய்தி என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வீராயிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"நான் நாலு வூட்டுப் பாத்திரம் தேய்க்கிறது நீ பாதியில திரும்பி வர்றதுக்கா? நாளைக்கே போ!"

ஆனால் நாளைக்குப் போக முடியவில்லை. அப்பாவு ஒரு செய்தி வைத்திருந்தார். வியாழக்கிழமை சர்வேக்காரர்கள் வருகிறார்கள், ரேஷன் கார்டையும் ஓட்டர் அட்டையையும் சேர்த்துக் காட்ட வேண்டும், இரண்டிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள் என்று. கவிப்ரியா டிரங்குப் பெட்டியைத் திறந்து இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். ஓட்டர் அட்டையில் வீராயி. ரேஷன் கார்டில் இந்தியில் 'பீராயி'. எழுதியவருக்கு வீயும் பீயும் ஒன்றாகக் காதில் விழுந்திருக்கும். பதினைந்து வருஷமாக அந்தக் கார்டில் கோதுமை வாங்குகிறார்கள், யாரும் கவனிக்கவில்லை.

 வெள்ளைக் காகிதம் தேடினாள்; வீட்டில் இருந்தது படம் வரையும் நோட்டு ஒன்றுதான். அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பீராயியும் வீராயியும் ஒரே ஆள்தான், பச்சைமுத்துவின் மனைவிதான் என்று இந்தியில் மனு எழுதினாள். அம்மாவின் கைநாட்டை வாங்கினாள். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கலியன் தன் கார்டை எடுத்து வந்தார். அவர் பெயர் 'காலியா' என்று இருந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வந்தார்கள். தமிழ்ப் பெயரெல்லாம் இந்தியில் எப்படியெப்படியோ உருமாறிக் கிடந்தன. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் பதினேழு மனு. வெற்றுத் தாள்கள் தீர்ந்துபோயின. அதன் பிறகு மதுராவில் வரைந்த படங்களின் பின்பக்கத்தில் எழுதினாள்.

வியாழக்கிழமை வந்த சர்வேக்காரர் தடித்த தாளைத் தடவிப் பார்த்தார். "இதென்ன காகிதம்?" என்று திருப்பினார். பின்னால் புத்தரின் கை. ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு ஃபைலில் கோத்துக்கொண்டார். அப்படியே ஐந்தாறு கைகள் அந்த ஃபைலோடு போயின. பட்டியலில் பெயர் சேர்ந்ததற்கு வீராயிக்கு ஒரு சீட்டு கிடைத்தது. அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டைப் பற்றிய பயம் சற்று விலகியதும் படிப்பைப் பற்றிய பயம் வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. சுற்றுப்பயணக் கூட்டம் அதற்குள் சாஞ்சிக்குப் போய்விட்டிருந்தது. புது நோட்டு வாங்கிக்கொண்டு கவிப்ரியா ஜன்பத் மியூசியத்துக்குத் தினமும் நடந்தாள். இந்தியா கேட் பக்கத்து நவீன ஓவியக் காலரிக்கும் போனாள். ஏ.சி. குளிரில் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில் நிற்கும்போது காவலாளி தன்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். செருப்பைப் பார்ப்பாரோ, பையைச் சோதிப்பாரோ என்று தோன்றும். வெண்கலமும் சிமென்ட்டும் மரமுமாக எத்தனையோ நல்ல வேலைகளைப் பார்த்தாள். எல்லாவற்றையும் வரைந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றிலும் உயிரில்லை. நாற்பது படம் சேர்ந்துவிடும், ஆனால் சிற்பம்? எதைச் செய்வது? ஜூன் பாதிக்கு மேல் போய்விட்டது.

கோபாலன் சார் திரும்பி வந்ததும் கல்லூரியில் போய்ப் பார்த்தாள்.

"நீ போகாத இடத்தை எப்படிம்மா நான் போனதா எழுதறது? பாதியில விட்ட குவாலியரையாவது ஒரு நாள் போய் வரைஞ்சுட்டு வா. சாஞ்சிக்கு நான் ஏதாவது சொல்லிக்கறேன்" என்றார்.

வீட்டில் சொன்னபோது வீராயி கேட்டாள்: "ரயில்ல எத்தினி மணி நேரம்?"

"அஞ்சு."

"தனியாவா போவ? நானும் வரேன்."

கவிப்ரியா திடுக்கிட்டாள். அம்மா இத்தனை வருஷத்தில் டெல்லியை விட்டுப் போனதென்றால் ஊருக்கு மட்டும்தான். முதுகு வலி, வெயில் நாற்பத்தைந்து டிகிரி, வீட்டில் ஆள் இருக்காது, அன்றைக்குப் பார்த்துச் சர்வேக்காரர் மறுபடி வந்தால்? அடுக்கிக்கொண்டே போனாள். வீராயி காதில் வாங்கவில்லை. வேலை பார்க்கும் வீடுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு சொல்லிவிட்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

குவாலியர் மலைப்பாதையில் ஏறும்போது வீராயி முதலில் சிலைகளை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த வேகத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏண்டி, இத்தினி பேருக்கும் ஒரு துண்டு கூடவா கெடைக்கல?"

"அவங்க துறவிங்கம்மா. எல்லாத்தையும் விட்டவங்க."

"நல்லா விட்டாங்க போ."

கவிப்ரியா நிழலில் உட்கார்ந்து நோட்டை விரித்தாள். பெரிய சிலையின் பாதத்திலிருந்து தொடங்கினாள். பென்சில் ஓடியது, ஆனால் மனம் ஒட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தால் அம்மாவைக் காணோம். எழுந்து தேடினாள். வீராயி பாதையோரத்தில் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று, கீழே பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பாக்கற?"

"மலைய உள்ளாற கொடஞ்சிதானே இவங்கள எடுத்திருக்காங்க? அப்ப கொடஞ்ச கல்லு எங்க?"

"ஒடச்சு அந்தப் பக்கம் கொட்டியிருப்பாங்க."

"கொட்டியிருப்பாங்கன்னா? யாரு கொட்டினது? கல்லு தானா நடந்தா போச்சு?" வீராயி பாதையின் சரிவைக் கண்ணால் அளந்தாள். "இந்த எறக்கத்துல பாரம் தூக்கினா முட்டி போயிடும். ஒரு சாமிக்கு எத்தினி நடை நடந்திருப்பா ஒருத்தி? ஆயிரமா, பத்தாயிரமா? அவள ஒருத்தனும் செதுக்கல பாரு."

சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கி, வட்டமாகச் சுற்றித் தலையில் வைத்தாள். தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் சும்மாடு. அதன் மேல் ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டு, கழுத்தை நேராக வைத்து, முட்டியை லேசாக மடக்கி, சரிவில் இறங்கினாள். பாரம் இருப்பது போலவே இறங்கினாள். பத்தடி போய்த் திரும்பி ஏறினாள். "இப்படித்தான் நடப்பா" என்றாள்.

கவிப்ரியா வரைந்தாள். யோசிக்க நேரமில்லாமல் வரைந்தாள். அம்மா ஏறி இறங்க ஏறி இறங்க, தாள் தாளாகத் திருப்பினாள். கழுத்து, பின்மண்டை, அந்த வளையம். எத்தனை நேரம் ஆனது என்று இருவருக்கும் தெரியவில்லை. திடீரென்று வீராயி பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் சாம்பலாகிவிட்டிருந்தது.

"அம்மா!"

தண்ணீர் பாட்டில் காலி. கவிப்ரியா நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினாள். படம் வரைகிற பைத்தியத்தில் அம்மாவை வெயிலில் கொன்றுவிட்டேன் என்றுதான் ஓடும்போதெல்லாம் நினைப்பு. மேலே வாசலில் இருந்த காவலாளி மண்பானைத் தண்ணீரோடு கூடவே வந்தார். துண்டை நனைத்துத் தலையில் போட்டு, முகத்தில் தெளித்து, அரைமணி நேரம் கழித்துத்தான் வீராயிக்குப் பேச்சு வந்தது.

"நோட்டு எங்க?" என்று கேட்டாள்.

நோட்டு பாதைக்குக் கீழே முள்ளில் கிடந்தது. காவலாளி ஒரு கம்பால் இழுத்து எடுத்துக் கொடுத்தார்.

ஜூலையில் கல்லூரி முற்றத்தில் கிடந்த சிவப்புக் கல் துண்டொன்றைக் கவிப்ரியா கேட்டு வாங்கிக்கொண்டாள். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கல். மனித உருவம் எதுவும் செய்யவில்லை. சும்மாட்டை மட்டும், மூன்று மடங்கு பெரிதாக, துணியின் முறுக்கும் மடிப்பும் தெரியச் செதுக்கினாள். நடுவில் குழி. ஒவ்வொரு உளி அடிக்கும் உள்ளே ஒளிந்திருக்கும் விரிசல் திறந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். பதினெட்டு நாள் வேலை. சிந்து பக்கத்தில் தன் களிமண்ணோடு வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் கேட்டாள்: "இது என்ன கவி?" கவிப்ரியா உளியைக் கீழே வைத்துவிட்டு, சும்மாடு என்றால் என்ன, அதை யார் வைத்துக்கொள்வார்கள், தன் அம்மா யார், வீடு எங்கே என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.  சிந்து கையிலிருந்த களிமண்ணைத் துடைத்தாள். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். குரலில் வருத்தம்தான் இருந்தது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கல்லைச் சுற்றி வந்தார். "டயரா?" என்று இந்தியில் கேட்டார். கவிப்ரியாவுக்கு அதற்கான இந்தி வார்த்தை தெரியவில்லை. தன் துப்பட்டாவை முறுக்கிச் சுற்றித் தலையில் வைத்துக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து கல்லின் குழியில் கை வைத்துப் பார்த்தார். அவள் பாஸாகிவிட்டாள். செப்டம்பரில் மண்டி ஹவுஸ் பக்கத்துக் காலரி ஒன்றில் நடந்த மாணவர் கண்காட்சிக்கும் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டார்கள்.

212-ஐ அந்த வருஷம் யாரும் இடிக்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் யாராவது வந்து புதிதாக ஓர் எண் போட்டுவிட்டுப் போவார்கள், தெரு மறுபடி நிம்மதி கெடும், அவ்வளவுதான்.

கண்காட்சித் திறப்பு விழாவுக்கு வீராயியால் வர முடியவில்லை. வேலை செய்யும் வீட்டில் விருந்து. திங்கட்கிழமை ஓய்வு கிடைத்ததும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனாள். திங்கட்கிழமை காலரிக்கு விடுமுறை. கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"பாத்தியாம்மா?" கவிப்ரியாவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தேர்வாளர் முன்னால்கூட இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

"பாத்தேன். கல்லுன்னே சொல்ல முடியல, துணி மாதிரிதான் இருக்குது." வீராயி கொஞ்சம் தயங்கினாள். "ஆனா முனைய மேல சொருவியிருக்க. மேல சொருவினா கலவைச் சட்டி அது மேல உக்காந்து வழுக்கிடும். பத்து அடி நடக்க முடியாது. அடியில சொருவணும் பாப்பா, தலை அழுத்தி அது நிக்கும்."

மறுநாள் காலரி திறந்ததும் கவிப்ரியா போய்ப் பார்த்தாள். அம்மா சொன்னது சரி. குவாலியரில் வரைந்த அத்தனை படங்களிலும் முனை கீழேதான் இருந்தது. அழகுக்காக இவள்தான் மேலே கொண்டுவந்திருந்தாள். இனி மாற்ற வழியில்லை; கல்லில் எடுத்தது எடுத்ததுதான்.

கண்காட்சி முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் அதன் பக்கத்திலேயே நின்றாள். கல் சுமந்தவர் யாராவது உள்ளே வந்து, பார்த்த மாத்திரத்தில் அந்தத் தப்பைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே நின்றாள். மாணவர்கள் வந்தார்கள், விமர்சகர்கள் வந்தார்கள், கையில் டீ கோப்பையோடு பெரிய மனிதர்கள் வந்தார்கள். கல் சுமந்தவர் யாரும் வரவில்லை.

ஏழாம் நாள் கல்லூரிக்குப் போய், இன்னொரு கல் வேண்டும் என்று கோபாலன் சாரிடம் எழுதிக் கொடுத்தாள்.